அழையாமல் செல்லும் வீடு

நல்ல காரியத்திற்கு அழைத்தால் போக வேண்டும். துக்க காரியத்திற்கு அழையாமலே போக வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம். பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து வாழும் நமக்கு இவ்வழக்கத்தின் அருமை ஊரில் இருப்போரைவிடச் சற்று மிகுதியாகவே தெரியும். என் தந்தையார் ரெயில்வேப் பணியில் இருக்கும்போதே காலமானார். நான் அப்போதுதான் பள்ளி இறுதித் தேர்வு தேறியிருந்தேன். ஊரிலிருந்து உறவினர் புறப்பட்டு ஹௌரா வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். பாடையைத் தூக்க நான்கு தோள்கள் வேண்டுமே என்று நானும் என் தம்பியும் திகைத்து நின்றபோது, அதுவரை நாங்கள் ஒரு வார்த்தையும் பேசியறியாத எங்கள் பாடாவின் வங்காள இளைஞர்கள் மூங்கிலும் கயிறும் கொண்டு தாமாகவே வந்தார்கள். ‘பலோ ஹரி, ஹரி போல்’ என்ற அவர்களுடைய குரலோடுதான் என் தந்தையார் கேவ்ராதலா மயானத்திற்குப் போனார். அவர் காதுக்குப் பழகிய ஒலி அதுவன்று. ஆயினும் அன்று அதைவிட இனிய ஒலி வேறு எதுவும் எங்களுக்குக் கேட்டிருக்க முடியாது.

அழைப்பில்லாமல் யாரும் நுழையலாம் என்பதால் துக்க வீட்டின் கதவு திறந்தே இருக்கிறது. அவ்வீட்டிற்குக் காவலில்லை. தோள் கொடுக்க வருபவனும் வரலாம். கல் எடுத்து வருபவனும் வரலாம். இந்த இரண்டாவது வருகையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் காலமானார். பெயரைக் குறிப்பிட வேண்டுவதில்லை. நம்மவர் பலரும் அவ்விறுதிச் சடங்கிற்கு வந்திருந்தனர். அவர் தம் உத்தியோகத்தில் ஒரு பிரிவின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய விசாரணை அறிக்கை ஒன்றை அடுத்து, ஒப்பந்தத் தொழிலாளர் ஐவர் வேலை இழந்தார்கள். அந்த ஐவரும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், பிணம் எடுக்கும் நேரத்தில் சந்தின் எதிர்ப்பக்கத்தில் வந்து வரிசையாக நின்றனர். கைகளில் கறுப்புக் கொடி. வங்காளியில் எழுதிய அட்டைகள். ஐந்து குடும்பங்களின் சோற்றைப் பறித்தவர் போகிறார் என்பது ஓர் அட்டை. மற்றவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பாடை வாசலைத் தாண்டியதும் கோஷம் எழுந்தது.

அவருடைய மனைவியார் தஞ்சைப் பக்கத்தவர். முப்பது ஆண்டுகளாகக் கல்கத்தாவில் இருக்கிறார், கடைத்தெருவிற்கு வேண்டிய வங்காளி பேசுவார், எழுத்து தெரியாது. வாசற்படியில் நின்றவர், தம் மகளைப் பார்த்து, “ஏம்மா, அந்த அட்டையிலே என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். அந்தப் பெண் இவ்வூரில் பிறந்து இவ்வூர்ப் பள்ளியில் படித்தவள். ஒவ்வோர் எழுத்தும் அவளுக்குத் தெரியும். “ஆபீஸ்காரர்கள், அம்மா. அப்பாவுக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள்” என்றாள். அந்த அம்மையார் உடனே அவர்கள் நின்ற பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அட்டை பிடித்திருந்தவர்களில் ஒருவர் தம் அட்டையை மெல்லக் கீழே இறக்கினார். மற்றவர்கள் இறக்கவில்லை.

அன்று முதல் நம்மவர் நெஞ்சில் ஒரு கனல் இருந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதச் செயற்குழுவில் அது வெளிப்பட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “இறந்தவரைப் பழித்துப் பேசுவோரைச் சிறையில் தள்ளச் சட்டம் வேண்டும் என்று அரசாங்கத்திற்கு நாம் மனுச் செய்ய வேண்டும்” என்றார். எதிர்த்துப் பேசியவர் எவருமில்லை. மனுவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. “தம்பி, நீ கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகியவன். காரமாக எழுது” என்றார் அப்பெரியவர். கேட்டபடி எழுதாமல் நான் வேறுவிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பதைச் சங்கத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குமாஸ்தாவிற்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய விதி வேண்டும் என்று எழுதுமுன் பழைய விதி இருக்கிறதா என்று பார்ப்பான். நம் உறுப்பினரான அலிப்பூர் வக்கீல் ஒருவர் புத்தகங்களை இரவல் தந்தார். பார்த்தால், நாம் கேட்க நினைத்ததில் பாதி இவ்வூரிலேயே, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது! மெக்காலேயைக் கல்விக் குறிப்பிற்காகத் திட்டுவது நமக்கு வழக்கம். அவர் தலைமையில் சட்டக் கமிஷன் ஒன்று கல்கத்தாவில் அமர்ந்து 1837ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தின் நகலை முடித்தது. அது 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 297ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடோ, புண்படும் என்று அறிந்தோ, இடுகாடு சுடுகாடுகளில் அத்துமீறி நுழைபவனும், மனிதப் பிணத்தை அவமதிப்பவனும், ஈமச்சடங்கிற்காகக் கூடியிருப்போருக்கு இடையூறு செய்பவனும் ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்கோ அபராதத்திற்கோ இரண்டுக்குமோ உரியவன் என்கிறது. 2024 ஜூலை முதல் நாள் புதிய நியாய சம்ஹிதை வந்தபோது பழைய பிரிவு 301 என்ற புதிய எண்ணோடு அப்படியே தொடர்ந்தது.

இன்னொன்றும் கண்டேன். இறந்தவரைப் பற்றிய அவதூறும், அவர் உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக் கூடியதாயும் அவர் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமுடையதாயும் இருந்தால், மானநஷ்டக் குற்றமாகலாம் என்று அதே பழைய சட்டம் 499ஆம் பிரிவின் விளக்கத்தில் கூறியிருக்கிறது. ஆனால் சொன்னது உண்மையாகவும், பொதுநலத்திற்காகச் சொன்னதாகவும் இருந்தால் குற்றமில்லை என்ற விலக்கும் உடன் இருக்கிறது. விலக்கை யாரும் செயற்குழுவில் நினைக்கவில்லை. கோபத்தில் விலக்குகள் நினைவிற்கு வருவதில்லை.

அப்படியானால் அட்டை பிடித்து நின்றவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவர்கள் பக்கம் பேசுவதற்கு ரெயில்வேக்காரனாகிய எனக்கு ஒரு கடமையும் இருக்கிறது. பீகார் அரசு தன் ஊழியர்கள் எவ்வித ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாதென்று நடத்தை விதியில் எழுதியபோது, காமேஷ்வர் பிரசாத் என்பார் முதலியோர் தொடுத்த வழக்கில் 1962ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை அடித்துவிட்டது. ஆர்ப்பாட்டம் என்பது ஒருவன் தன் உணர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியிடுவது. ஆகவே அதுவும் ஒருவகைப் பேச்சே என்பது தீர்ப்பின் சாரம். கல்லெறிவதும் கலகம் செய்வதும் அதில் சேரா என்றும் கூறினார்கள். அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் என்னைப் போன்றவர்கள் உணவு இடைவேளையில் கொடி பிடித்து வாயிற்கூட்டத்தில் நிற்கிறோம். மிச்சில் போகாத நாள் ஒன்று இந்நகரத்தில் உண்டா? நமக்கு வேண்டியபோது உரிமை என்பதும் பிறருக்கு வேண்டும்போது அடாவடி என்பதும் நியாயமாகாது.

இனி, கடல் கடந்து நடந்த வழக்கொன்றைச் சொல்ல வேண்டும். நம் சந்தில் நடந்ததற்கு அது அண்ணன் முறை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஓர் இளம் படைவீரர் 2006 மார்ச்சு மாதம் இராக்கில் உயிரிழந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரின் கத்தோலிக்கக் கோவிலில் அவருக்கு இறுதி வழிபாடு நடந்தது. கான்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு சிறு சமயக் குழுவினர் எழுவர் அங்கு வந்தனர். தம் நாடு ஒருபால் காமத்தைச் சகித்துக்கொள்வதால் கடவுள் அதன் படைவீரர்களைக் கொன்று தண்டிக்கிறார் என்பது அவர்கள் கொள்கை. வீரர்கள் மடிந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி என்ற பொருள்படவும், இன்னும் கொடுமையாகவும் எழுதிய அட்டைகளைப் பிடித்து நின்றனர். இறந்த இளைஞருக்கும் அவர்கள் கொள்கைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஊரார் கூடுமிடம் ஒன்று. அது பிணமிருக்கும் இடமாக இருந்தால் பத்திரிகைக்காரர் வருவர். நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே உலாவி வந்தேன்.

ஆனால் வழக்கின் விவரங்களில் கவனம் வைக்க வேண்டும். அவர்கள் போலீஸாருக்கு முன்னறிவிப்புக் கொடுத்திருந்தனர். கோவிலுக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி தள்ளிப் பொது நிலத்தில் நின்றனர். வழிபாடு தொடங்குவதற்குச் சுமார் அரைமணி முன்பிருந்து நின்றுவிட்டு, கோவிலுக்குள்ளோ இடுகாட்டிற்கோ செல்லாமல் போய்விட்டனர். இறந்தவரின் தந்தை ஊர்வலத்தில் சென்றபோது அவருக்கு அட்டைகளின் மேல்விளிம்புகள் மட்டுமே தெரிந்தன. என்ன எழுதியிருந்தது என்பதை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் கண்டார். மகள் மறைத்த எழுத்தை இங்கே தாய் அறியவில்லை. அங்கே தூரம் மறைத்த எழுத்தைத் தொலைக்காட்சி வீட்டிற்குள் கொண்டுவந்து கொடுத்தது.

தந்தை வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு ஏறத்தாழ ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. நீதிபதி அதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ முழுவதையும் தள்ளியதோடு, எதிர்த்தரப்பின் செலவாகப் பதினாறாயிரம் டாலருக்கு மேல் அந்தத் தந்தையே கட்ட வேண்டும் என்றது. ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் என்ற அவ்வழக்கில் 2011 மார்ச்சு 2ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமுமாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து இது: பொது விஷயம் பற்றிப் பொது இடத்தில் அமைதியாகச் சொன்ன சொல், எத்தனை புண்படுத்தினாலும், அதற்காக நஷ்டஈடு விதிக்க முடியாது. தனித்து நின்ற நீதிபதி அலிட்டோ, தனிமனிதர் ஒருவரின் துயர நேரத்தில் அவரைச் சொல்லால் தாக்குவதற்குப் பேச்சுரிமை அனுமதிச் சீட்டன்று என்று மறுத்தார்.

என் மனம் அலிட்டோவின் பக்கம் சாய்கிறது. என் அறிவு ராபர்ட்ஸின் பக்கம் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கும் வழியை அந்நாட்டுச் சட்டமன்றம் கண்டது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைவீரர் சவ அடக்கத்திற்கு இரண்டு மணி முன்னும் இரண்டு மணி பின்னும் முந்நூறு அடிக்குள் ஆர்ப்பாட்டம் கூடாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அச்சட்டம் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாய், எப்போது நிற்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. இதைப் படித்த அன்றுதான் மனுவை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குப் புலப்பட்டது.

“அமெரிக்கா வேறு, நாம் வேறு” என்று அன்பர்கள் சொல்லலாம். மெய்தான். நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தந்த கையோடு, பொது அமைதி, மாண்பு, ஒழுக்கம், மானநஷ்டம், குற்றம் செய்யத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் மனம் புண்படுதல் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாதது நல்லதே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன.

2012 நவம்பர் 17ஆம் நாள் பம்பாயில் பால் தாக்கரே காலமானார். நகரம் அடங்கியது, கடைகள் மூடின. பால்கர் என்ற சிற்றூரில் ஓர் இளம்பெண், இப்படி நகரம் முழுவதையும் அடைப்பது எதற்கு என்று கேட்கும் பாங்கில் முகநூலில் நான்கு வரி எழுதினாள். அவள் தோழி அதற்கு விருப்பக்குறி இட்டாள். இருவரையும் போலீஸார் கைது செய்தனர். எழுதிய பெண்ணின் உறவினருடைய மருத்துவமனையை ஒரு கும்பல் உடைத்தது. அவள் துக்க வீட்டிற்குச் செல்லவில்லை, இறந்தவரை இழித்துரைக்கவில்லை, தன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாள். துக்கத்தின் மரியாதை காக்கிறோம் என்று சொல்லித்தான் அவள்மேல் கை வைத்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் நம் நகரத்திலேயே யாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். வழக்கிலிருந்து அவர் முற்றிலும் விடுபட 2023 வரை ஆயிற்று. இத்தகைய கைதுகளுக்கு வழிவைத்த 66அ என்ற பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. விவாதிப்பது வேறு, ஒரு கருத்திற்காக வாதாடுவது வேறு, குற்றத்திற்குத் தூண்டுவது வேறு; மூன்றாவதில்தான் சட்டம் கை வைக்கலாம் என்றனர் நீதிபதிகள்.

இறந்தவரைப் பழிப்போரையெல்லாம் சிறையில் தள்ளச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்டால், நம் கையால் எழுதித் தருவது பழைய 66அ பிரிவைத்தான். அதை யார்மேல் முதலில் பயன்படுத்துவார்கள்? எண்ணிக்கையில் பெரியவர்கள்மேலா? அயலூரில் பிழைக்க வந்த சிறு கூட்டத்தாராகிய நாம் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் முதலானோர் இறந்தனர். நாடே வருந்திய நேரத்தில் அவருக்காக அழுவது வெட்கம் என்ற பொருள்பட ஒருவர் முகநூலில் எழுதினார். வழக்குப் பதிவாயிற்று. 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கை ரத்து செய்தது. எழுதியது தமிழர் பண்பாட்டிற்கு மாறானது. ஆனால் குற்றமாகாது என்றார் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன். அத்தோடு விடாமல் மகாபாரதத்திலிருந்து ஒரு பாடமும் நினைவூட்டினார். தருமபுத்திரர் சொர்க்கம் புகுகிறார். ஆங்கே துரியோதனன் சிங்காதனத்தில் அமர்ந்திருக்கக் கண்டு வெகுண்டு திரும்புகிறார். இங்கே பகை இல்லை, துரியோதனனைப் பற்றி அப்படிப் பேசாதே என்று நாரதர் தடுக்கிறார். எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது இதுதான்: ஒருவனைக் கண்டிப்பதும் தண்டிப்பதும் ஒன்றல்ல என்று அது பிரித்துக் காட்டியது. நம் பெரியவர்கள் வீட்டில் செய்வதும் அதுவே.

சொல்லைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். கையைப் பற்றியும் எழுத வேண்டும். கொரோனாக் கொடுநோய் தொடங்கிய 2020 மார்ச்சு மாதம், அந்நோயால் நம் நகரத்தில் முதலில் இறந்தவரை நீம்தலா மயானத்தில் எரிக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் தடுத்து நின்றனர். அடுத்த மாதம் சென்னையில் நடந்ததோ இன்னும் கொடிது. நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர் அந்நோயாலேயே இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க எதிர்ப்பு எழுந்தது. அண்ணாநகர் வேலங்காட்டிற்குக் கொண்டு சென்றால், அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. மனைவியும் மகனும் அங்கிருந்து ஓட நேர்ந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர் காயமுற்றனர். நள்ளிரவில் உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவர் மண்வெட்டி பிடித்து அவரைப் புதைத்து முடித்தார். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டு, கண்ணியமான அடக்கமும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. பிணத்தின் வழியை மறிப்பதற்குப் பேச்சுரிமை என்று யாரும் பெயர் சூட்ட முடியாது. அங்கே தயங்காமல் சிறைக்கதவைத் திறக்கலாம். அதற்கு நான் முதல் கையெழுத்து இடுவேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. துக்க வீட்டில் நல்ல வார்த்தை மட்டுமே பேசுவது நம் மரபு என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவர் எந்த ஊர் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறாரோ! எங்கள் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் இறந்தவனையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். குடித்தழித்ததும், நகையை அடகு வைத்ததும், தங்கைக்கு ஒரு முறைகூடச் சீர் செய்யாததும் எல்லாம் ராகத்தோடு வெளிவரும். பங்காளிகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கேயும் அப்படி ஒன்று நடந்தது. 2018 ஆகஸ்டு 13ஆம் நாள் முன்னாள் மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜி காலமானபோது, பத்தாண்டுகளுக்கு முன் அவரை விலக்கிய கட்சியின் கொடியைப் போர்த்தக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. வந்திருந்த கட்சியின் மூத்த தலைவர் ஒருவரை மகன் வெளியே போகச் சொன்னார். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிணத்தருகே கசப்பைப் பேசும் உரிமை அழுகிறவர்களுக்கு உண்டு. இழந்தவன் பேசுகிறான். நாம் கேட்பது, இழக்காதவன் அந்த இடத்தில் சற்று எட்டி நிற்க வேண்டும் என்பதே.

அட்டை பிடித்தவர்களும் இழந்தவர்கள்தாமே என்று கேட்கலாம். அவர்கள் இழந்தது வேலை. அது சிறிதன்று; என் வீட்டில் தந்தைக்குப் பின் எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்கும்வரை அடுப்பு எப்படி எரிந்தது என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் அவர்கள் வாயை அடைக்கும் மனுவில் என் கை ஓடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் என்னிடம் தனியாகக் கேட்டாள். “அண்ணா, அட்டையில் எழுதியிருந்தது உண்மையா?” அந்தக் கோப்பைப் பற்றி அலுவலக வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டிருந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அறிக்கை அவர் எழுதியது. அதில் கண்ட தவறு நடந்தது மெய். வேலையை விட்டு நீக்கியது அவருக்கு மேலிருந்தவர்கள். எச்சரித்து விட்டுவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இதை அவர்கள் அப்பா உயிரோடிருக்கும்போது வீட்டு வாசலில் வந்து கேட்டிருந்தால் அப்பா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். நானும் கேட்டிருப்பேன்” என்றாள். அவளுக்கு அவர்கள்மேல் வந்த கோபம் சொன்ன சொல்லுக்காக வந்ததன்று. பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துச் சொன்னதற்காகவும், தன் தாயார் கைகூப்ப நேர்ந்ததற்காகவும் வந்தது. தாயாரிடம் அவள் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இவ்விதழ் அவர்கள் வீட்டிற்கும் போகும். அவள் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். எந்த நாளில் சொல்வது என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

இனி மனுவின் வாசகம். புதிய குற்றம் எதையும் அது கேட்கவில்லை. 301ஆம் பிரிவு இருப்பதை ஒவ்வொரு போலீஸ் நிலையமும் அறிந்து நடக்க வேண்டும் என்று கேட்கிறது. பிணம் வீட்டிலிருந்து புறப்படுவதற்கு ஒரு மணி முன்பிருந்து மயானத்தில் சடங்கு முடிந்து உறவினர் கலையும்வரை, வீட்டு வாசலுக்கும் மயான வாயிலுக்கும் ஒரு குறிப்பிட்ட தூரத்திற்குள் ஒலிபெருக்கியும் கோஷமும் கொடியும் அட்டையும் எவர் சார்பிலும் கூடாது என்று கேட்கிறது. எவர் சார்பிலும் என்றால் புகழ்ந்து பிடிக்கும் அட்டையும் அதில் சேரும். கட்சிக்காரர்களுக்கு இது கசக்கலாம். அத்தூரத்திற்கு அப்பால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் அதிகாரம் எந்தப் போலீஸாருக்கும் தரப்படலாகாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு நம் பெரியவர், “காரமாக எழுது என்றேன், நீ அவர்களுக்கு வக்கீலாகிவிட்டாய்” என்றார். “ஐயா, நாளைக்கு நாமும் ஒரு நாள் அட்டை பிடிக்க வேண்டி வரலாம்” என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தூரம் எவ்வளவு என்பதில் செயற்குழு இன்னும் உடன்படவில்லை. நூறு மீட்டர் என்கிறார்கள் சிலர். நம்மவர் குடியிருக்கும் சந்துகளில் நூறு மீட்டர் நடந்தால் வேறு பாடாவே வந்துவிடும். அங்கே ஒருவன் அட்டை பிடித்தால் அதை எவரும் படிக்கப் போவதில்லை. ஐம்பது போதும் என்பது என் எண்ணம். ஐம்பது மீட்டரில் குரல் கேட்குமே என்கிறார்கள் பெண்கள். மனுவின் நகல் சங்கத்தின் படிப்பறையில் வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்திட விரும்பும் குடும்பத்தினர் வந்து படித்துப் பார்த்து இடலாம். தூரம் எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.